தேர் புனைந்த பாரி

ஆடிப்பூரத்தன்று திருவில்லிபுத்தூர்த் தேரோட்டம் காணச் செல்வோர் பல்லாயிரவர். நிலையினின்றும் தேர் அசையும்பொழுது எழும் ஆரவாரத்தை அறியாதார் நம் மம்சாபுரத்தில் ஒருவரும் இலர். ஆயினும், அத்திருநாளுக்குப் பன்னாள் முன்னரே தேரின் அடியிற் குனிந்து புகுந்து, அச்சையும் உருளையையும் தட்டிப் பார்த்து, உளுத்த மரத்தைக் களைந்து, தளர்ந்த பிணைப்பை இறுக்கும் தச்சரையும் கொல்லரையும் நினைப்பார் மிகச் சிலரே. தேர் ஓடுவது ஒரு நாள். அதனை ஓடத்தக்கதாக ஆக்கும் பணியோ திருவிழா இல்லாத வெறுநாட்களில் நிகழ்வது. மாட்டு வண்டிப் பந்தயக்காரர்க்கும் இஃது ஒக்கும். ஒரு பந்தயம் முடிந்து மறு பந்தயம் வருங்காறும் காளைக்குத் தீனியும், அச்சுக்கு மசகும், சக்கரத்துப் பட்டைக்குக் கொல்லன் கையும் ஓயாது வேண்டப்படும்.

இவ்வாறு விழாக்களுக்கு இடைப்பட்ட வெறுநாட்களையே தம் வாழ்வின் சிறந்த பகுதியாகக் கொண்டு, ஓட்டப்பந்தயக் கார்களைத் தம் வீட்டை அடுத்த பட்டறையிலேயே புனைந்து வாழ்ந்த ஒரு மேனாட்டுப் பொறியறிஞரின் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்கள் முன் வைக்க விழைகின்றேன். அவர் பெயர் ஜான் காட்ஃபிரே பாரி தாமஸ் என்பது. பாரி என்ற ஒலியைக் கேட்ட அளவில் முல்லைக்கொடிக்குத் தேர் ஈந்த பறம்பிற் கோமானை நினையாத தமிழர் உளரோ? ஆங்கிலப் பெயராகிய அப் பாரிக்கும் நம் பாரிக்கும் யாதோர் உறவும் இல்லை. ஒலி ஒப்புமை தற்செயலே. எனினும் அவர் தேர் ஈந்தார், இவர் தேர் புனைந்தார் என்று எண்ணும்பொழுது தமிழாசிரியன் மனம் சிறிது மகிழ்தல் இயல்பேயன்றோ!

தாமஸ் 1884-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள் வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரிற் பிறந்தார். தந்தையார் கிறித்தவத் திருச்சபையில் ஊழியம் புரிந்த குரு. மைந்தர் இளமையிலேயே குடும்பத்துடன் ஆஸ்வெஸ்ட்ரி என்னும் ஊருக்குச் சென்று அங்கே பள்ளிக் கல்வி பெற்றார். பின்னர் இலண்டன் மாநகரில் பொறியியற் கல்லூரியிற் பயின்றார். குருவின் மகன் மறைநூல் ஓதுவதை விடுத்து எண்ணெயும் கரியும் படிந்த இரும்பைக் கையில் எடுத்தமை அக்காலத்து அங்கும் ஓரளவு புதுமையே. முதலில் அவர் மனம் சென்றது பந்தயத்தின்மேல் அன்று, மின்சாரத்தின்மேல். வண்டி எந்திரத்தின் ஆற்றலைப் பற்சக்கரங்கள் வாயிலாக உருளைக்குச் செலுத்தும் முறையில் கியர் மாற்றுந்தோறும் அதிர்ச்சியும் இழப்பும் நேர்தலைக் கண்டு, மின்னாற்றல் வழியே வேகத்தைச் சிறிது சிறிதாக ஏற்றவும் இறக்கவும் வல்லதோர் அமைப்பை அவர் இயற்றினார். முதல் உலகப் போர்க் காலத்தில், போர்க்கருவிகள் பற்றிய புதுப்புனைவுகளை ஆராயும் அரசாங்கக் குழுவிலும் இடம் பெற்றார்.

போர் முடியும் தறுவாயில் லேலண்ட் கம்பெனியில் தலைமைப் பொறியாளர் பதவி அவரை அடைந்தது. லேலண்ட் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் என 1948-இல் தொடங்கி, 1955-இல் அந்த ஆங்கிலக் கம்பெனியின் பெயரையும் ஏற்று அசோக் லேலண்ட் என ஆகிய ஆலையின் வண்டிகளில் ஏறித்தானே இராசபாளையத்திற்கும் மதுரைக்கும் நாம் சென்று வருகின்றோம்! பாரவண்டிகளுக்கே பேர்பெற்ற அக் கம்பெனியின் தலைவர்கள் ஒருமுறை செல்வர்க்குரிய உயர்ந்த கார் ஒன்றும் செய்து காட்ட விரும்பினர். தாமஸும், அவர்க்குத் துணையாய் இருந்த ரீட் ரெயில்டன் என்னும் இளைஞரும் சேர்ந்து எட்டுச் சிலிண்டர்கள் ஒரே வரிசையில் அமைந்த காரைப் புனைந்தனர். 1920-இல் இலண்டன் ஒலிம்பியாக் காட்சியில் அது வைக்கப்பட்ட பொழுது மக்கள் அதனை அக்காட்சியின் சிங்கம் என்றே அழைத்தனர். விலையோ உடற்கூடு இல்லாத அடிச்சட்டத்திற்கு மட்டும் 2,500 பவுன் அளவில் இருந்தது. போருக்குப் பின் வறுமை சூழ்ந்த நாட்டில் அதனை வாங்குவார் யார்? ஏறத்தாழப் பதினெட்டு கார்களே செய்யப்பட்டன. வியத்தற்குரிய பொருளைச் செய்வது வேறு, விற்பது வேறு.

அந்தக் காரின் தகுதியை உலகிற்குக் காட்டவே 1922-இல் தாமஸ் முதன்முதலிற் பந்தயக் களத்தில் இறங்கினார். அப்பொழுது அவர்க்கு வயது முப்பத்தெட்டு. பந்தயத் துறையில் இளைஞர்கள் புகழ் ஈட்டிச் சலித்துவிடும் அகவையில் அவர் தொடங்கினார் என்பதை நினைவிற் கொள்ளுதல் நலம்.

அக் களத்தைப் பற்றிச் சிறிது கூறுதல் வேண்டும். இலண்டனுக்குத் தென்மேற்கே சர்ரே கோட்டத்தில், வேபிரிட்ஜ் என்னும் ஊரின் அருகே புரூக்லண்ட்ஸ் என்பது உள்ளது. லாக் கிங் என்னும் நிலக்கிழார் தம் சொந்த நிலத்தில், தம் பொருளைப் பெரிதும் செலவழித்து, 1907-இல் அமைத்த காங்கிரீட்டுத் தடம் அது. மோட்டார்ப் பந்தயத்திற்கென்றே கட்டப்பட்ட உலகின் முதல் ஓடுதடம் அதுவே என்பர். ஒரு சுற்று 2¾ மைல். வளைவுகளில் தடத்தின் வெளிப்புறம் நம் கண்மாய்க் கரைபோல் உயர்ந்து, சிலவிடத்து ஏறத்தாழ 30 அடி உயரம் எழும்பி நிற்கும். விரைந்து வரும் வண்டி வெளியே வீசப்படாமல் அச் சரிவிற் சாய்ந்து திரும்பும். கீழே வே என்னும் ஆறு ஓட, அதன்மேற் பாலமாய் அமைந்த பகுதியில் நாளடைவில் மேடு பள்ளம் ஏற்பட்டது. அவ்விடத்தைக் கடக்கும் கார்கள் நான்கு உருளைகளும் தரையை விட்டு எழும்பிச் சிறிது தொலைவு பறந்து விழும். அங்ஙனம் விழும் அதிர்ச்சியைத் தாங்குமாறு அச்சும் ஸ்பிரிங்கும் அமைத்தல் பந்தயப் பட்டறைகளின் பெருங்கவலைகளுள் ஒன்று.

அங்கே பந்தயப் பருவம் ஈஸ்டர் திருநாளை ஒட்டித் தொடங்கி இலையுதிர் காலத்தோடு முடியும். பனிக்காலத்தில் ஓடுதடத்தை மூடிப் பிளந்த காங்கிரீட்டைப் பெயர்த்துப் புதிதாக இடுவர். ஆகவே அத் திங்கள்களில் தடமும் பழுது பார்க்கப்பெறும். அதில் ஓடிய கார்களும் பழுது பார்க்கப்பெறும். பந்தயம் காண வந்த செல்வச் சீமான்களும் சீமாட்டிகளும் அப்பொழுது அங்கே எட்டியும் பாரார். எஞ்சியிருப்போர் பட்டறைக்காரரே.

1923-இல் தாமஸ் பெரிய சம்பளமும் பெரும் பதவியும் உடைய லேலண்ட் வேலையை விட்டு விலகினார். மேஜர் கென் தாம்ஸன் என்பாரைக் கூட்டாளியாகக் கொண்டு, அவ்வோடுதடத்தின் நடுவே உள்ள நிலத்திலேயே சிறியதொரு கம்பெனியும் பட்டறையும் நிறுவினார். அங்கேயே ஒரு சிறு வீட்டில் குடியும் புகுந்தார். அவ்வீட்டின் பெயர் ஹெர்மிட்டேஜ்; முனிவர் உறையும் தவக்குடில் என்பது அதன் பொருள். மணம் புரியாத அவர்க்கு அப்பெயர் முற்றும் பொருந்திற்று. வீட்டினின்று பட்டறைக்கும், பட்டறையினின்று தடத்திற்கும் நடந்தே செல்லலாம். பருத்த உடலும் அகன்ற முகமும் உடைய அவர், பல நிறக் கோலம் பின்னிய கம்பளிச் சட்டையை அணிந்தே பந்தயமும் ஓட்டுவார், பட்டறையிலும் நிற்பார். இரண்டு அல்சேஷியன் நாய்கள் அவரை நிழல்போல் தொடரும். நாய் வளர்ப்பில் நம் இராசபாளையத்தார்க்கு உள்ள பெருமையை அவர் அறிந்திருப்பாராயின், வெண்ணிற மேனியும் சிவந்த மூக்கும் உடைய நம்மூர் நாய் ஒன்றையும் தம் தவக்குடிலுக்குக் காவல் வைத்திருப்பார் போலும்!

நிற்க. பந்தய வண்டி ஒன்றைப் பருவங்களுக்கிடையே ஆயத்தம் செய்தல் என்பது யாது? வண்டியைக் கழுவி எண்ணெய் மாற்றுதல் என்று எண்ணற்க. பருவம் முழுதும் அளவுக்கு மீறி உழைத்த எந்திரத்தை ஆணி ஆணியாகப் பிரித்து, ஒவ்வோர் உறுப்பையும் மண்ணெண்ணெயிற் கழுவிப் பலகைமேல் வரிசைப்படுத்துவர். பிஸ்டனின் தலையிலும் சிலிண்டரின் முகட்டிலும் படிந்த கரியைச் சுரண்டி எடுப்பர். வால்வுகளை அவற்றின் இருக்கையோடு பொடி இட்டுத் தேய்த்து, காற்றுப் புகாவண்ணம் இணையச் செய்வர். கனெக்டிங் ராடு எனப்படும் இணைப்புத் தண்டுகளை மயிரிழை விரிசலேனும் உண்டோ என ஒளியிற் பிடித்தும், தொங்கவிட்டுத் தட்டி ஓசை கேட்டும் ஆராய்வர். பழுதற்ற இரும்பு வெண்கல மணிபோல் நெடிது ஒலிக்கும்; விரிசலுற்றது மந்தமாய் ஒலிக்கும். மண்பானை வாங்கும் நம் வீட்டுப் பெண்டிர் விரலால் தட்டிப் பார்ப்பதும் இக்கலையே.

இவற்றினும் அரியது பேரிங்குப் பணி. அக்காலத்து எந்திரங்களில் சுழலும் தண்டைத் தாங்கும் இடங்களில் ஈயமும் வெள்ளீயமும் கலந்த மெல்லிய உலோகத்தை உருக்கி வார்த்திருப்பர். தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லெனப் பூசி, அதன்மேல் பேரிங்கை வைத்துச் சுழற்றி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டும். அம்மேட்டைச் சுரண்டுங் கத்தியால் இழைத்து மீண்டும் சாயம் பூசி மீண்டும் சுழற்றுவர். நீலம் பரப்பெங்கும் ஒரு சீராய் ஒட்டும்வரை இங்ஙனம் செய்தல் வேண்டும். ஒரு பேரிங்கிற்கே பல நாழிகை ஆகும். பொறுமை இழந்து ஒரு சுரண்டு மிகுதியாகச் சுரண்டினால் முன்செய்தது முழுதும் வீண். பிஸ்டன்களை நிறுத்துப் பார்த்து, எடை மிக்கதன் உட்புறத்தைச் சிறிது அராவி எல்லாவற்றையும் ஓரெடை ஆக்குவதும் உண்டு. நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை மேலும் கீழும் பாயும் பொருளில் சிறு எடை வேறுபாடும் பெரும் அதிர்ச்சியாய் முடியும்.

தாமஸ் இவற்றைப் பிறரிடம் ஏவிவிட்டு அறையில் அமர்ந்திருப்பவர் அல்லர். வரைபடம் வரைந்தவரும் அவரே; லேத்தின் பக்கத்தில் நின்றவரும் அவரே; முடிவில் வண்டியின் இருக்கையில் அமர்ந்து தம் உயிரையே அவ்வேலைக்குச் சான்றாக வைத்தவரும் அவரே. இவ்விடத்து நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. மகன் மேசையும் நாற்காலியும் உள்ள வேலைக்குச் சென்றால் மகிழ்வோம், ஐ.டி.ஐ.யிற் படித்துப் பட்டறைக்குச் சென்றால் பெண் கொடுக்கவும் தயங்குவோம். மாலையில் எண்ணெய்க் கறையோடு வீடு திரும்பும் பிள்ளையைத் திண்ணையில் இருக்கும் உறவினர் ஏளனமாகப் பார்ப்பதை நாம் அறியோமா? கல்லூரிப் பட்டமும், புகழ்பெற்ற கம்பெனியின் தலைமைப் பதவியும் பெற்ற ஒருவர் அவற்றை விட்டு எண்ணெய்க் கறையைத் தேடிச் சென்றார். நம் நாட்டிலும் இத்தகையோர் இல்லாமல் இல்லை. கோயமுத்தூரை அடுத்த கலங்கலில் 1893-இல் பிறந்த ஜி. டி. நாயுடு, பாடுபட்டுச் சேர்த்த பணத்தில் வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியே பொறியியல் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பேருந்து ஓட்டினார். அதே கோயமுத்தூரில், 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவரதன், மாருதி எந்திரத்தைக் கொண்டு குறைந்த செலவிற் பந்தயக் கார்கள் அமைத்து, சோழவரத்து விமானத் தளத்திலும் பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இளைஞர் பலர் ஓட வழி செய்தார். செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

மீண்டும் புரூக்லண்ட்ஸிற்குச் செல்வோம். அங்கே பெரும்பாலும் நடந்தவை ஈட்டுப் பந்தயங்கள். மெதுவான கார் முன்னே விடப்படும். விரைவானது கடைசியிற் புறப்பட்டு முன்சென்ற அனைத்தையும் முந்தி வருதல் வேண்டும். தம் லேலண்ட்-தாமஸ் காருடன் கடைசியில் நிற்பவர் பெரும்பாலும் தாமஸே. 1925 ஜூலையில், எர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்னும் வீரருக்கும் இவருக்கும் தனிப் போட்டி ஒன்று நடந்தது. எல்ட்ரிட்ஜின் ஃபியட் கார் 21 லிட்டர்க்கு மேற்பட்ட விமான எந்திரம் பூண்டது. முன் ஆண்டில் மணிக்கு 146 மைல் ஓடி உலகச் சாதனை நிறுவியது. தாமஸின் எந்திரமோ ஏழு லிட்டர் அளவினது. யானைக்கும் குதிரைக்கும் இட்ட போட்டி என்னலாம். மூன்றே சுற்று. முற்பகுதியில் பின்தங்கிய தாமஸ், முடிவில் அவ் யானையை முந்தி வென்றார். அவ் வெற்றி பனிக்காலத்துப் பட்டறையில் முன்னரே பாதி ஈட்டப்பட்டது என்பது என் கருத்து.

இவ்வெற்றிகளால் பெருஞ்செல்வம் சேர்ந்ததோ எனின், இல்லை. பரிசுப் பணமும், சாதனை நிறுவுந்தோறும் டயர், எண்ணெய், பிளக் கம்பெனியார் அளிக்கும் ஊக்கப்பொருளும், புதுப்புனைவு உரிமைகளால் வருவதுமே பட்டறைக்கு வருவாய். வந்தது மீண்டும் பட்டறைக்கே சென்றது. ஒன்றரை லிட்டர் எந்திரம் உடைய, தரையோடு தரையாய்த் தாழ்ந்த புதுக் கார்களையும் அவர் இக்காலத்திற் புனைந்தார். அவற்றின் தட்டையான வடிவு நோக்கி அங்குள்ளோர் இஸ்திரிப் பெட்டி என்றே பெயர் வைத்தனர். நம்மூர்ப் பிள்ளைகளும் வேறு பெயர் வைத்திரார்.

இனி, அவர் வாழ்வை முடித்த காரின் கதைக்கு வருவோம். கென்ட் கோட்டத்தில் கான்டர்பரியை அடுத்த ஹைம் என்னும் மாளிகையில் லூயி ஸ்போரோவ்ஸ்கி என்னும் இளஞ்சீமான் இருந்தார். அளவிறந்த செல்வம்; அதனினும் அளவிறந்த கார்ப்பித்து. போர் முடிந்தபின் மலிவாய் விற்கப்பட்ட விமான எந்திரங்களை வாங்கித் தம் மாளிகைப் பட்டறையில் பழைய கார்களின் அடிச்சட்டத்தின்மேல் ஏற்றுவது அவர் பொழுதுபோக்கு. குழந்தைகள் விரும்பும் சிட்டி சிட்டி பேங் பேங் என்னும் கதைக்குப் பெயர் தந்தவை அவர் செய்த கார்களே. அவற்றுள் மிகப் பெரியது அமெரிக்க லிபர்ட்டி விமான எந்திரம் பூட்டியது. 12 சிலிண்டர், 27 லிட்டர், 400 குதிரைத் திறனுக்கு மேல். எந்திரத்தின் ஆற்றல் சைக்கிளுக்கு உள்ளதுபோல் செயின் வழியே, ஆனால் இருபுறமும் இரண்டு பெருஞ் செயின்கள் வழியே, பின் உருளைகளுக்குச் செல்லும். அச் சீமான் 1924 அக்டோபரில் இத்தாலி நாட்டு மோன்சாப் பந்தயத்தில் மரத்தில் மோதி இறந்தார். தந்தையும் கார்ப் பந்தயத்திலேயே மாண்டவர். தலைவனை இழந்த அக் காரை 125 பவுன் கொடுத்துத் தாமஸ் வாங்கினார். புதிய லேலண்ட் அடிச்சட்டம் ஒன்றின் விலையில் இருபதில் ஒரு பங்கு என்று கணக்கிட்டுப் பார்க்க.

தாமஸ் அதனைப் பிரித்தார். தாமே வரைந்த பிஸ்டன்களை இட்டார். கார்புரேட்டர்கள் நான்கு பொருத்தினார். காற்றைக் கிழித்துச் செல்லுமாறு நீண்ட உடற்கூடு அமைத்தார். பேப்ஸ் என்று செல்லப்பெயரும் சூட்டினார். உலகிலேயே தரையில் மிக விரைந்து செல்பவர் என்ற பெயர்க்குப் பெருங் கம்பெனிகளின் துணையோடு பலர் முயன்ற காலம் அது. 1926 மார்ச்சில் ஹென்றி சீக்ரேவ் சன்பீம் கம்பெனியின் காரில் மணிக்கு 152.33 மைல் ஓடியிருந்தார். அதனை வெல்லத் தாமஸ் வேல்ஸ் நாட்டுத் தென்கரையில் உள்ள பெண்டைன் கடற்கரைக்குப் பேப்ஸைக் கொண்டு சென்றார். கடல் வற்றிய பொழுது மைல் கணக்கில் நீளும் இறுகிய ஈரமணலே அங்குத் தடம். ஏப்ரல் 27-ஆம் நாள் 169.30 மைல், மறுநாள் 171.02 மைல். நம் கணக்கில் மணிக்கு 275 கிலோமீட்டர். இராசபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்கு மூன்று நிமிடத்திற்குள் வந்துவிடலாம் என்றால் அவ் வேகம் ஒருவாறு விளங்கும். நூற்றிருபத்தைந்து பவுனுக்கு வாங்கிய பழைய கார், ஒரு சிறு பட்டறையில் புதுப்பிக்கப்பட்டு, முன்னைய சாதனையை ஒரே வீச்சில் ஏறத்தாழப் பத்தொன்பது மைல் கடந்தது.

அவ்வாண்டுப் பருவம் முடிந்து பனிக்காலம் வந்தது. பேப்ஸ் மீண்டும் பட்டறை புகுந்தது. உடற்கூடு காற்றுக்கு இன்னும் இசையுமாறு மாற்றப்பட்டது. ஆனால் இம்முறை பிறரும் உறங்கவில்லை. மால்கம் காம்பெல் நேப்பியர் எந்திரம் பூண்ட தம் நீலப்பறவைக் காரில் 1927 பிப்ரவரி 4-ஆம் நாள் அதே பெண்டைனில் 174.88 மைல் ஓடிச் சாதனையைப் பறித்துக்கொண்டார். சீக்ரேவுக்கோ சன்பீம் கம்பெனி இரண்டு விமான எந்திரங்கள் பூட்டிய பெருங் காரைச் செய்து முடித்து, அமெரிக்காவுக்கு அனுப்பும் நிலையில் இருந்தது. அது ஓடிவிட்டால் பட்டறைக் கார் அதனை எட்டுதல் அரிது என்பதைத் தாமஸ் போன்ற பொறியறிஞர் உணராதிருத்தல் இயலாது. காம்பெலை வெல்ல வேண்டியதோ நான்கு மைல் வேகமே. மார்ச்சுத் தொடக்கத்தில் அவர் பெண்டைனுக்குச் சென்றார். சளிக்காய்ச்சல் அவரை வாட்டியிருந்தது. கடலும் வானும் இடம் கொடுக்கும் நேரம் நோக்கிக் காத்திருந்தார்.

1927 மார்ச்சு 3-ஆம் நாள். சில முறை ஓடிப் பார்த்தபின், முழு வேகத்தில் வந்துகொண்டிருந்த பேப்ஸ் திடீரெனத் தடுமாறிப் புரண்டது. மணலிற் சறுக்கிச் சென்று நின்ற காரில் தாமஸ் உயிரற்றுக் கிடந்தார். நாற்பத்து மூன்றாம் பிறந்த நாளுக்கு ஒரு திங்களே இருந்தது. தரைவேகச் சாதனைக்கான ஓட்டத்திலேயே உயிர் நீத்த முதல்வர் அவர் என்று வரலாறு கூறும். இருபத்தாறு நாள் கழித்துச் சீக்ரேவ் அமெரிக்கக் கடற்கரையில் 203.79 மைல் ஓடினார்.

விபத்துக்குக் காரணம் யாது? வலப்புறச் செயின் அறுந்து ஓட்டுநர் தலையைத் தாக்கியது என்பதே நெடுங்காலம் நம்பப்பட்டது. செயின் ஓட்டுநர் அருகே ஓடியதும் உண்மை. பின்னாளில் காரை ஆராய்ந்தவர்கள், முதலில் முறிந்தது பின்புறத்து உருளையாக இருக்கலாம், செயின் அதன் பின்னரே அறுந்திருக்கலாம் என்று கருதினர். எது முதல் எது பின் என்பதில் வல்லுநர்க்குள்ளும் வழக்கு உண்டு. எனக்கோ வேறொன்று தோன்றுகின்றது. எந்திரத்தின் உள்ளுறுப்புக்களைத் தாமே புதிதாய் வார்த்த அவர், செயினும் பெரும்பாரமும் கூடிய பழைய அமைப்பை அப்படியே வைத்துக்கொண்டார். 27 லிட்டர் எந்திரத்திற்கு உரிய புதிய அடிச்சட்டம் செய்யப் பொருள் வேண்டும், இன்னும் இரண்டு பனிக்காலம் வேண்டும். அவர்க்குப் பொருளும் இல்லை; போட்டியாளர் காலமும் கொடுக்கவில்லை. அவர் திறமையில் குறை காண நான் முற்படவில்லை. பட்டறையில் ஒரு நீலப் புள்ளிக்காகப் பல நாழிகை பொறுத்த கை, கடற்கரையிற் பொறுக்க இயலாமற் போன நிலைமையை எண்ணியே வருந்துகின்றேன்.

தாமஸ் தம் பட்டறைக்கு அணித்தாகிய பைஃபிலீட் ஊர்க் கோயில் வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பேப்ஸையோ நண்பர்கள் அது வீழ்ந்த பெண்டைனிலேயே புதைத்துவிட முடிவு செய்தனர். எவரும் நினைவுப் பொருளாகப் பெயர்த்துச் செல்லா வண்ணம் இருக்கையைக் கிழித்து, அளவைக் கருவிகளின் கண்ணாடியை உடைத்து, மணற் குன்றில் ஆழக் குழி தோண்டி மூடினர். போரில் மாண்ட வீரனுக்கு நடுகல் எடுத்த பழந்தமிழர் வழக்கு ஈண்டு நினைவுக்கு வருகின்றது. குழந்தைகள்பால் அவர் கொண்டிருந்த பேரன்பை அறிந்த நண்பர்கள், இலண்டன் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் நினைவாகக் கட்டில் ஒன்றிற்குப் பொருள் அளித்தனர் என்பதையும் கூற வேண்டும்.

பட்டறை அணையவில்லை. தாம்ஸனும் கென் டெய்லரும் தாம்ஸன்-டெய்லர் என்ற பெயரில் அதனை நடத்தினர். லேலண்டில் தாமஸின் துணைவராயிருந்த ரெயில்டன் அங்கே தலைமை வரைவாளர் ஆனார். 1933-இல் அவர் ஜான் காப் என்பார்க்காக அமைத்த நேப்பியர்-ரெயில்டன் கார் 1935-இல் புரூக்லண்ட்ஸ் வெளிச்சுற்றை மணிக்கு 143.44 மைல் வேகத்தில் ஓடியது. 1939-இல் போர் வந்து அத் தடம் மூடப்பட்டு விமான ஆலைக்கு உரியதாகிவிட்டமையால், அச் சாதனையை வெல்ல வழியே இல்லாமற் போயிற்று. 1947-இல் அதே காப், ரெயில்டன் வரைந்த வேறொரு காரில் அமெரிக்க உப்புவெளியில் 394.20 மைல் ஓடினார்.

மணலுக்குள் பேப்ஸ் நாற்பத்திரண்டு ஆண்டு கிடந்தது. அதற்குள் அக்கரை இராணுவத்தாரின் ஆயுதச் சோதனைக் களமாகிவிட்டது. 1969-இல் வடவேல்ஸைச் சேர்ந்த ஓவன் வின் ஓவன் என்னும் பொறியியல் ஆசிரியர், உரிய இசைவுகளை எல்லாம் முயன்று பெற்று அதனைத் தோண்டி எடுத்தார். இறந்தவரின் துயிலைக் கலைப்பதா என்று எதிர்த்தவரும் இருந்தனர். அவர்கள் சொல்லிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெளிவந்ததோ துருவேறிய எலும்புக்கூடு. உடற்கூட்டுத் தகடு பெரும்பாலும் மண்ணோடு மண்ணாய்க் கரைந்திருந்தது. பகலில் பாடம் சொல்லும் அவ்வாசிரியர் ஓய்வு நாட்களில் கேப்பல் கியூரிக் என்னும் மலையூரில் தம் பட்டறையில் அமர்ந்து, பழைய லிபர்ட்டி எந்திர உறுப்புக்களைத் தேடித் தேடிச் சேர்த்து, தாமஸ் செய்தவாறே ஒவ்வொன்றாக மீட்டார். ஆண்டுகள் பல சென்றன. ஒரு நாள் அப்பன்னிரண்டு சிலிண்டர்களும் மீண்டும் முழங்கின. 2012-இல் ஓவன் மறைந்தார். பேப்ஸ் பல ஆண்டு கோடைக்காலத்தில் பெண்டைன் கடற்கரையை ஒட்டிய வேகப் பொருட்காட்சிச் சாலையிலும், பனிக்காலத்தில் புரூக்லண்ட்ஸ் பொருட்காட்சிச் சாலையிலுமாக மாறி மாறி வைக்கப்பட்டு வந்தது.